ஒரு சாண் தாண்டி வெட்டியது

தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகன உடல் திருத்தும் பாடம் படிக்கும் தம்பிமார் மூவர் போன மாதம் பள்ளிவாசல்துறைக்கு என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவரின் அனுபவக் கட்டுரை வேண்டுமாம். எனக்கு முப்பத்தைந்து வயது.

“ஓய்வு பெற்ற ஆள்ண்டா நரச்ச ஒராளப் புடிங்களேன்” என்றேன்.

“நரச்ச ஆக்கள் நல்லாக் கத செல்றாங்க நானா. எழுதச் சென்னா ஓடுறாங்க. நீங்க ஏ.எல். படிச்சவர்தானே.”

இன்னொருவன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். சாம்பல் நிற மொறிஸ் மைனர். பக்கத்தில் முகம் முழுக்கப் பெயின்ட் தூசியோடு நான். “இத இருபத்திநாலு நாள்ல எழுப்பின பாஸ் நீங்கதானே? அதத்தான் எழுதணும்.”

நான்தான். எழுதுகிறேன். ஆனால் அந்தப் படம் எடுத்த பிறகு நடந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அதை நீக்கிவிட்டுப் போடுவதென்றால் கட்டுரையே வேண்டாம் என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

என் வாப்பா கடலுக்குப் போனவர். கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஒரு வருடம் தொழிற்பயிற்சி, பிறகு பாலாவிப் பக்கத்தில், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஜௌபர் நானாவின் கராஜ். பதின்மூன்று வருடம் அங்கே வேலை செய்தேன். இப்போது ஊரில் ஒரு சின்னக் கடையில் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன், படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். கடதாசிப் பெட்டி ஒன்றைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. நெஞ்சு வைத்தியர், பெயின்ட் அடிக்கிற இடத்தின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்து வாகனங்களைத் தின்பது ஓட்டம் அல்ல, உப்பு. உப்பளத்து ட்ரக்டர், கற்பிட்டியிலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றும் லொறி, கருவாட்டு வான், எல்லாவற்றிலும் உப்புத்தண்ணீர் தகட்டின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒரு கொப்புளம்தான் தெரியும். சுரண்டினால் உள்ளே ஒரு முழம் போயிருக்கும்.

அதனால் ஜௌபர் நானா சில முறைகளை வைத்திருந்தார். கராஜுக்கு வரும் எந்த வாகனக் கூட்டையும் வெட்டுவதற்கு முன் மூன்று நாள் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மூன்றாம் நாள் மாலை அவர் வருவார். கதவின் கீழ் மடிப்பில் விரலை வைத்து, கடைசியாகச் சொட்டும் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்ப்பார். கரித்தால் ஒன்றும் பேசமாட்டார், தண்ணீர்க் குழாயை எடுத்துக் கையில் தந்துவிட்டுப் போவார். இன்னுமொரு நாள் கழுவ வேண்டும் என்று அர்த்தம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிடிக்காத வேலையைக் கண்டால் விரல் முட்டியால் தகட்டை இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். நாள் முழுக்க அந்தச் சத்தம் காதில் நிற்கும்.

அடுத்த முறை, துருப் பிடித்த இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு சாண் தாண்டி வெட்டுவது. நல்ல தகடுதானே என்று நினைத்து விடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கருவாட்டு வானில், தகட்டை மிச்சம் பிடிக்கிற எண்ணத்தில் நாலு விரல் மட்டும் தாண்டி வெட்டினேன். ஒரு மாரி போய் அடுத்த மாரி வருவதற்குள் வான்காரர் திரும்பி வந்துவிட்டார். நான் ஒட்டிய தகடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய தகடு முழுக்க உதிர்ந்து, புதியது பல்லுப் போல ஆடியது. ஜௌபர் நானா இரண்டு தட்டுத் தட்டினார். வான்காரருக்கு முன்னால் என் கையைப் பிடித்து விரித்து, “இது என்ன?” என்று கேட்டார்.

“சாண், நானா.”

“படச்சவன் ஒனக்கு அளவுகோல் தந்துதான் அனுப்பிரிக்கான். பாவி.”

அன்றிலிருந்து பதினொரு வருடம் நான் ஒரு சாணுக்குக் குறைத்து எதையும் வெட்டியதில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது சோம்பலால் நடந்ததல்ல, இந்த முறையைச் சரியாகச் செய்ததால் நடந்தது.

அசனார் அப்பா மன்னார்ப் பக்கத்து ஊர்க்காரர், வயதில் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அப்பா. தொண்ணூறில், யுத்த காலத்தில், வடக்கிலிருந்த எங்கள் முஸ்லிம் ஆட்களை வெளியேற்றியபோது மனைவி மக்களோடு புத்தளத்துக்கு வந்தவர். அதற்கு முன் ஊரில் அவர் ஹயரிங் கார், வாடகைக்கு ஓடும் மொறிஸ் மைனர் ஒன்று, வைத்திருந்தார். பிள்ளைப் பேற்றுக்குப் போன பெண்களில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான் என்பார். யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து, பக்கத்து ஊரில் ஒரு வீட்டு வளவில் அந்தக் கார்க் கூடு கிடப்பதாகத் தகவல் வந்தது. அதற்குள் கோழி அடைத்திருந்தார்கள். எஞ்சின் இல்லை, கண்ணாடி இல்லை, இலக்கத் தகடுகளும் இல்லை. மகன் லொறி பிடித்துக் கூட்டை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

அப்பா என் கையில் இரண்டு கடிதங்களைத் தந்தார். கராஜில் சிங்களமும் இங்கிலீசும் வாசிப்பவன் நான்தான். அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து, எழுத்து எந்த மொழியானாலும் தெரியாது.

“உள்ளத வாசிங்க மகன். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

முதல் கடிதம் காணி விசாரணைக்கு. அவருடைய பழைய வீட்டு வளவுக்கு இன்னொருவர் உரிமை கேட்டிருந்தார். அப்பாவிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. வெளியேறிய அன்று அதை எடுக்க முடியவில்லை. தொண்ணூறுக்கு முந்திய அரசாங்கப் பத்திரம் ஏதாவது ஒன்றில் அவர் பெயரும் அந்த வளவின் விலாசமும் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது கடிதம் கொழும்பில் வாகனப் பதிவுக் காரியாலயத்திலிருந்து. பழைய புத்தகத்தில் அவர் பெயரில், அதே விலாசத்தில், ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. இத்தனை வருடம் அசையாத பதிவு என்பதால் காரை ஓடும் நிலையில் கொண்டுவந்து காட்டி, சட்டத்தில் பொறித்திருக்கும் செசி இலக்கம் பொருந்தினால் அத்தாட்சிப் பிரதி தரப்படும். எஞ்சின் வேறாக இருக்கலாம், செசி இலக்கம் அதுவாகவே இருக்க வேண்டும்.

நான் வாசித்து முடித்ததும் அவர் சொன்னார்: “விளங்கிச்சா மகன்? எனக்கு இந்தக் காரில ஏறித் திரிய ஆசையில்ல. நான் அந்த மண்ணில இருந்தவனெண்டு சொல்லுறதுக்கு இது ஒண்டுதான் மிச்சம்.”

விசாரணைக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. கொழும்புக்கு ஒரு கிழமை, ஏழு நாள், ஒதுக்கினால் எங்களுக்கு மிஞ்சியது இருபத்திநாலு நாள்.

அன்றே சாரதி ஆசனம் இருந்த இடத்துக்கு முன்னால், தரையின் குறுக்குச் சட்டத்தில், கோழி எச்சத்தையும் மண்ணையும் சுரண்டி இலக்கத்தைக் கண்டுபிடித்தேன். ஏழு எண். அப்பாவின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். “மழுங்கிப் போச்சு, என்னைப் போல” என்று சிரித்தார். நான் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். சுற்றிச் சோக்கால் ஒரு வட்டம் போட்டேன். அந்த நேரமே ஒரு கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்திருக்க வேண்டும். கழுவிய பிறகு எடுத்தால் தெளிவாக வரும் என்று விட்டுவிட்டேன்.

கழுவினோம். மூன்றாம் நாளும் கரித்தது, நாலாம் நாளும் கழுவினோம். சோக்கு வட்டம் தண்ணீரோடு போனது.

தரை முழுக்கச் சல்லடை. மகன் யப்பான் வான் எஞ்சின் ஒன்றும் ஐந்து கியர்ப் பெட்டி ஒன்றும் வாங்கித் தந்திருந்தார். அதை உட்கார வைக்க நடுத் தரையை வெட்டி உயர்த்த வேண்டும், எஞ்சின் தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், முன் பிரேக்கை மாற்ற வேண்டும். ஜௌபர் நானா தரையின் மேலே நின்று துருவைச் சுற்றிக் கோடு போட்டார். இலக்கம் இருந்த சட்டத்தைச் சுற்றி விட்டுவிடு என்று வாயாலும் சொன்னார். பிறகு கூட்டைப் பழைய டயர்களின் மேல் பக்கவாட்டில் சாய்த்தோம். வெட்டுவது எப்போதும் கீழ்ப்புறத்திலிருந்துதான், நெருப்புப்பொறி உள்ளே விழக் கூடாது.

சாய்த்து வைத்த காரில் வலது மேலே போய்விடும், முன் பின்னாகத் தோன்றும். கீழ்ப்புறத்தில் கோடு இல்லை. துருவின் ஓரம் தெரிந்தது, கை இருந்தது. ஒரு சாண் வைத்தேன், வெட்டினேன். இன்னொரு ஓரம், இன்னொரு சாண். நடுவில் ஒரு தடவை, எழும்பிச் சுற்றிப் போய் மேற்பக்கத்தைப் பார்ப்போமா என்று தோன்றியது. ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அன்று எட்டாம் நாள். பார்க்கவில்லை. நல்ல தகடு ஒன்று துருவோடு சேர்ந்து விழுந்தபோது, “போனாப் போகட்டும், ஒரு சாண்” என்று எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

பதின்மூன்றாம் நாள், புதுத் தரை பற்றவைத்துக் கார் நிமிர்ந்து நின்றது. ஜௌபர் நானா கடதாசியும் பென்சிலும் தந்து, “நம்பர அச்செடுத்து வை” என்றார். உள்ளே குனிந்தேன். இலக்கம் இருந்த இடத்தில் நான் ஒட்டிய புதுத் தகடு பளபளவென்றிருந்தது.

நானா வந்து எட்டிப் பார்த்தார். தகட்டைத் தட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். தட்டவில்லை.

“வெட்டின தகடு எங்க?”

“பழைய இரும்பு லொறி முந்தநாள் வந்திச்சு நானா.”

மோட்டார் சைக்கிளில் இரும்புக்காரரின் முற்றத்துக்கு ஓடினேன். வெறும் தரையில் துருத்தூள்தான் கிடந்தது. “ஒங்கட சாமான் கொழும்புக்குப் போய் உருகியும் முடிஞ்சிரிக்கும்” என்றார். ஆணி பொறுக்குவது போல அந்தத் தூளைக் காலால் கிளறிவிட்டு வந்தேன்.

நானா அலுமாரியைத் திறந்து வைத்திருந்தார். மேசையில் இலக்கம் அடிக்கும் உளிகள், சைபர் முதல் ஒன்பது வரை.

“ஒன்ட கொப்பியில நம்பர் ஈக்கிதானே. அதே கார். அதே நம்பர். நாம களவு காரா செய்றோம்?”

“அப்பாட்ட செல்லுவோமே நானா.”

“சென்னா? அந்த மனிசன் இன்னக்கே விழுந்துருவாரு. நான் அடிப்பன், ஆனா என்ட கை நடுங்குது, கோணலாப் போகும். நீ எழுதப் படிச்சவன், ஒன்ட கை நேரா வரும்.” கொஞ்சம் பொறுத்து, “வேணாண்டா செல்லு. கதவ மூடிட்டுப் போய்ச் செல்லிருவோம்” என்றார்.

அவர் என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று எழுதினால் அது பொய். எனக்கு யோசிக்க இடம் தந்தார். நான் யோசித்தது அப்பாவைப் பற்றியல்ல. படித்தவன் வெட்டிய வெட்டைப் பார் என்று ஊர் சொல்லப் போவதைப் பற்றித்தான். உளியை எடுத்தேன். ஏழு அடி. நேராகத்தான் வந்தது.

புது எழுத்துப் பழையதாகத் தெரிய வேண்டுமே. நானா ஒரு போத்தலில் களப்பிலிருந்து உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். துணியை நனைத்து அந்த ஏழு எண்களின் மேல் இரண்டு நாள் போட்டு வைத்தோம். நாலு நாள் கழுவி உப்பு எடுத்த அதே காரில் எங்கள் கையாலேயே உப்பு வைத்தோம். போத்தலை வைத்துவிட்டுப் போகும்போது நானா விரலை நாக்கில் வைத்துக்கொண்டார், பழக்கத்தில். பிறகு துப்பினார்.

மிச்ச நாட்களைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள். எஞ்சின் உட்கார்ந்தது, பிரேக் பிடித்தது, குஷன் வேலை முடிந்தது. இருபத்தோராம் நாள் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள், முகத்தில் ஈரத் துணி மட்டும் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் பெயின்ட் அடித்தேன். சரியான முகமூடி வாங்கப் புத்தளம் போய்வர நேரமில்லை என்றேன். இப்போதிருக்கும் இருமல் அந்தக் கூடாரத்தில்தான் தொடங்கியது. அந்தப் படம் இருபத்திநாலாம் நாள் எடுத்தது. படத்தில் நான் சிரிக்கவில்லை, பார்த்தீர்களா தெரியாது.

அன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து அசனார் அப்பா வந்தார். காரை முன்னிருந்து பின்வரை தடவிக்கொண்டே போனார். கதவைத் திறந்து குனிந்து, நேராகக் குறுக்குச் சட்டத்தில் விரலை வைத்தார். எண்ணினார். ஏழு. திரும்பவும் தடவினார்.

“என்ன மகன், இது கூரா இரிக்குது?”

ஜௌபர் நானா அப்பால் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“சுத்தம் பண்ணினதால அப்பா” என்றேன்.

“ஆ.” விரலை எடுத்துவிட்டார். “நீங்க சொன்னாச் சரி.”

கொழும்புக்கு நானும் போனேன். கார் வழியில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. சிலாபம் தாண்டும்போது அப்பா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே போட்டுக்கொண்டு, பழைய ஹயர்க் கதைகள் சொன்னார். பிள்ளை காருக்குள்ளேயே பிறந்த கதையைச் சொன்னார். “அதுக்கு மொறிஸெண்டு பேர் வைக்கச் சொன்னன், வைக்கயில்ல பாவிகள்.” மகன் சிரித்துச் சிரித்து ஓட்டினார்.

பரிசோதகர் வயதானவர், மரியாதையானவர். காரைப் பார்த்து “அழகாகச் செய்திருக்கிறீர்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். டோர்ச் அடித்து இலக்கத்தைப் பார்த்தார். தின்னர் தொட்ட துணியால் துடைத்தார். சட்டத்தின் தடிப்பை அளந்தார். பிறகு எழும்பி என்னிடம், சிங்களத்தில் தம்பி என்பது போல, “மல்லி, இந்தக் காரின் பழைய இலக்கத்தில் நாலு என்கிற எண் இப்படித் திறந்திருக்காது, மேலே மூடியிருக்கும். தகடும் புதிது. யார் அடித்தது?” என்றார்.

அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நான் வாய் திறக்கும் முன் அவர் சொன்னார்: “மஹத்தயா, இது அதே இலக்கம்தான். நான் என் கையால் தொட்டேன். இந்தப் பிள்ளை சுத்தம் பண்ணினது. படித்த பிள்ளை, பொய் சொல்லாது.”

“நான்தான் அடிச்சன்” என்றேன். தமிழில்தான் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சிங்களத்தில் திரும்பச் சொன்னேன். வெட்டியது, தகடு போனது, உளி, உப்புத்தண்ணீர், எல்லாம்.

பரிசோதகர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “வெட்டிய அன்றே ஏன் வரவில்லை? துருவில் இலக்கம் போன கார்கள் எத்தனை வருகின்றன. கராஜ்காரர் ஒரு சத்தியக் கடிதம் தந்தால் மற்ற அடையாளங்களைப் பார்த்துச் செய்துகொடுப்போம். அடித்த இலக்கத்தை நான் எப்படி விட?” அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காரை நிறுத்திக்கொண்டார்கள். கோப்பு விசாரணைக்குப் போனது. அப்பாவிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். எழுபத்தாறு வயதில், போலி இலக்கம் பற்றி.

பஸ்ஸில் திரும்பினோம். புத்தளத்தில் இறங்கும்போது அப்பா என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார், கண் தெரியாதே. இறங்கியதும் கையை எடுத்தார்.

“கூரா இரிக்குதெண்டு விரல் சொல்லிச்சு” என்றார். “நான்தான் விரல நம்பயில்ல.”

காணி விசாரணைத் திகதி பத்திரம் இல்லாமலே போனது. எட்டு மாதம் கழித்துக் கார் திரும்பி வந்தது, கராஜுக்கு எச்சரிக்கையோடும் தண்டப் பணத்தோடும். ஜௌபர் நானா உளிகளைக் களப்பில் வீசியதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அதன்பிறகும் மூச்சு இடம் தந்தவரை அவரிடம் வேலை செய்தேன்.

காணித் தீர்ப்புக் கடிதம் வந்தபோது அப்பாவின் மகன் ஊரில் இல்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இந்தத் தடவை “உள்ளத வாசிங்க” என்று அவர் சொல்லவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடிதத்தை நீட்டினார். முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் கார் நின்றது.

வாசித்தேன். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரியாகச் சொன்னேன். உரிமையை நிரூபிக்கத் தேவையான பத்திரம் சமர்ப்பிக்கப்படாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை, ஒரு சொல்லையும் விடவில்லை. கீழே இருந்த கையொப்பத்தையும் பதவியையும்கூட வாசித்தேன்.

அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். மடிப்பை நேராக்கினார். உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார்.

“புள்ள, இங்க வாங்க. இத ஒருக்கா வாசிங்க.”

மருமகள் என்னைப் பார்த்தார், பிறகு கடிதத்தைப் பார்த்தார். சிங்களம் அவருக்கு அவ்வளவு ஓடாது. எழுத்துக் கூட்டி, தடக்கித் தடக்கி, நீண்ட நேரம் வாசித்தார். நான் வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டேன். நான் வாசித்தது சரியாகவே இருந்தது.